மியூட்டேஷனே இல்லாம கேன்சர் வருமா? குரோமாட்டின், ரெப்ளிகேஷன் பத்தி ஒரு கேள்வி

கயல்_பயோ:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ஜர்னல் கிளப்ல பேசறதுக்கு 2024ல நேச்சர்ல வந்த ஒரு பேப்பர் எடுத்திருக்கேன், பிரான்ஸ்ல மோன்பெல்லியே ஊர்ல இருக்கிற ஜகோமோ கவாலி லேப் பண்ணினது. பழ ஈ லார்வால பின்னாடி கண்ணா வளரப்போற திசு இருக்குல்ல, அதுல ஜீன்களை அடக்கி வைக்கிற பாலிகோம்ப் புரோட்டீனை ஆர்என்ஏஐ (ஒரு ஜீனோட ஆர்என்ஏவை அழிச்சு அந்தப் புரோட்டீன் உண்டாகாம பண்ற முறை) வச்சு கொஞ்ச நேரத்துக்கு மட்டும் குறைக்கிறாங்க. வெப்பநிலையை ஏத்தினா ஆர்என்ஏஐ ஆன், இறக்கினா ஆஃப். இறக்கினதும் பாலிகோம்ப் திரும்ப வந்துடுது. ஆனா கட்டி நிக்கவே இல்ல, அந்த திசுவை எடுத்து வேற ஈயோட வயித்துல வச்சாலும் வளருது. ஜீனோம் சீக்வென்ஸ் பண்ணிப் பார்த்தா, இதனாலதான் வந்துச்சுன்னு கை காட்டற மாதிரி ஒரு மியூட்டேஷனும் இல்ல.

என் குழப்பம் இதுதான். செல் பிரியறதுக்கு முன்னாடி டிஎன்ஏ முழுசும் காப்பி ஆகணும் (ரெப்ளிகேஷன்), அதுக்கு நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் புரோட்டீன் உருண்டையும் அதைச் சுத்தின டிஎன்ஏவும், இதுங்க வரிசையா சேர்ந்ததுதான் குரோமாட்டின்) எல்லாம் வழிவிட்டே ஆகணும். அப்படி ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டினா, "இந்த ஜீன் ஆஃப், இந்த ஜீன் ஆன்" ங்கற விஷயம் எப்படி அடுத்த செல்லுக்குப் போகுது? அது போகலன்னா கட்டி தொடரவே கூடாதே? புக்ல ரெப்ளிகேஷன் படம் போடும்போது வெறும் டிஎன்ஏ மட்டும்தான் போட்டிருக்கான், ஹிஸ்டோனையே காணோம்.

நுண்ணோக்கி:
நல்ல கேள்வி கயல். புக் படத்தைப் பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, எனக்கும் அதுமேல ரொம்ப நாளா வருத்தம் உண்டு. செல்லுக்குள்ள வெறும் டிஎன்ஏன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒரு மனுஷ செல்லுல 2 மீட்டர் நீள டிஎன்ஏ, 147 பேஸுக்கு ஒரு தடவ ஹிஸ்டோன் எட்டு சேர்ந்த உருண்டையைச் சுத்தி, நடுவுல கொஞ்சம் இடம் விட்டு, அடுத்த உருண்டைன்னு போகுது. சராசரியா 200 பேஸுக்கு ஒண்ணுன்னு வச்சா மொத்தம் 3 கோடி நியூக்ளியோசோம். டிஎன்ஏ காப்பி ஆகற கட்டமான எஸ் ஃபேஸ் சுமார் 8 மணி நேரம். அந்த 8 மணி நேரத்துல 3 கோடியும் கலைஞ்சு, 6 கோடியா திரும்ப அமையணும்.

காப்பி ஆகறதுக்காக டிஎன்ஏ ரெண்டா பிரியற இடத்துக்கு ஃபோர்க்னு பேர், அதுக்குப் பக்கத்துல போய்ப் பார்த்தா இப்படி இருக்கும். மனுஷ செல்லுல ஃபோர்க் நிமிஷத்துக்கு ஒண்ணுலேருந்து ரெண்டாயிரம் பேஸ் நகருது, அதாவது நிமிஷத்துக்கு 5லேருந்து 10 நியூக்ளியோசோம் அதோட மூக்குல வந்து மோதுது. முன்னாடி எம்சிஎம் ஹெலிகேஸ் டிஎன்ஏவைப் பிரிச்சுக்கிட்டே போகுது. அதுல இருக்கிற எம்சிஎம்2 புரோட்டீனோட ஒரு முனை ஹிஸ்டோனைப் பிடிக்கறதுக்குன்னே அமைஞ்சது. கலையற பழைய ஹெச்3, ஹெச்4ங்கற ஹிஸ்டோன்களை அது பிடிச்சு, துண்டு துண்டா காப்பி ஆகற லேகிங் இழை பக்கம் குடுக்குது. தொடர்ச்சியா காப்பி ஆகற லீடிங் இழை பக்கம் அந்த வேலையைப் பாக்கறது டிஎன்ஏ பாலிமரேஸ் எப்சிலானோட சின்ன துணை உறுப்புங்க, போல்இ3, போல்இ4. 2018ல சயன்ஸ்ல ரெண்டு பேப்பர் ஒண்ணா வந்துச்சு, ஒண்ணு எலி ஸ்டெம் செல், ஒண்ணு ஈஸ்ட். எம்சிஎம்2ல அந்த முனையைக் கெடுத்தா பழைய ஹிஸ்டோன் ஒரே பக்கமா சாயுது, எப்சிலான் உறுப்பை எடுத்தா மறுபக்கம் சாயுது. ரெண்டும் சரியா இருந்தாதான் ரெண்டு மகள் இழைக்கும் பாதிப் பாதி.

மீதிப் பாதிக்குப் புது ஹிஸ்டோன் வரணும். அதுக்கு காஃப்-1னு ஒரு கூட்டு. 1980கள் கடைசியில கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்ல புரூஸ் ஸ்டில்மன் லேப் கண்டுபிடிச்சது, குரங்கு வைரஸ் எஸ்வி40 டிஎன்ஏவை மனுஷ செல் சாறுல ரெப்ளிகேட் பண்ண வச்சு, "காப்பி ஆனதும் நியூக்ளியோசோம் கட்டறது யாரு"ன்னு தேடித் தேடிப் பிடிச்சது. இந்த காஃப்-1, டிஎன்ஏ பாலிமரேஸைப் பிடிச்சு வைக்கிற பிசிஎன்ஏ வளையத்தையே பிடிச்சுக்கிட்டு ஃபோர்க் பின்னாடியே வருது. அதனால நியூக்ளியோசோம் கட்டறது ரெப்ளிகேஷன் முடிஞ்சப்புறம் நடக்கிற வேலை இல்ல. ரெண்டும் ஒரே மெஷின்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். பழைய ஹிஸ்டோன் மேல மெத்தில் குறிங்க (ஹிஸ்டோன்ல ஒட்டியிருக்கிற சின்ன கெமிக்கல் துணுக்கு) அப்படியே இருக்கு, புதுசு மேல இல்ல. பழையது கிட்டத்தட்ட இருந்த இடத்துலயே திரும்ப உக்காந்தா, அதைப் படிச்சு பக்கத்துல இருக்கிற புதுசுலயும் அதே குறியைப் போட என்சைம் இருக்கு. பாலிகோம்ப்ல பிஆர்சி2ங்கற கூட்டு அப்படித்தான், அதோட ஈஈடிங்கற உறுப்பு ஹெச்3யோட 27வது இடத்துல இருக்கிற லைசின்ங்கற அமினோ அமிலத்துல மூணு மெத்தில் இருக்கான்னு படிக்கும், ஈஇஸட்ஹெச்2 அதே குறியைப் பக்கத்துல எழுதும். படிக்கறதும் எழுதறதும் ஒரே கூட்டுக்குள்ள. இதுல ஒரு முக்கியமான விஷயம், 2019ல டேனி ரைன்பெர்க் லேப் காட்டினது: அடங்கிக் கிடக்கிற ஜீன் இருக்கிற இடத்துலதான் பழைய ஹிஸ்டோன் அதே இடத்துக்குத் திரும்புது, ஓடிக்கிட்டிருக்கிற ஜீன்ல அது சிதறிப் போயிடுது. ஆக, காப்பி ஆகற ஞாபகம்னா அது பெரும்பாலும் "ஆஃப்" ங்கற ஞாபகம்தான்.

வேலவன்77:
எல்லாம் படிக்க நல்லா இருக்கு சார், ஆனா ஒரு ஈ பேப்பரை வச்சுக்கிட்டு கேன்சர் மியூட்டேஷன் நோய் இல்லன்னு முடிவு கட்டறது எனக்கு ஒத்து வரல. மனுஷக் கட்டிய சீக்வென்ஸ் பண்ணினா கேராஸ், பி53, ஏபிசின்னு கெட்டுப்போன கேன்சர் ஜீனுங்க வரிசையா வருது. சிகரெட் பிடிக்கிறவன் நுரையீரல்ல சிகரெட்டோட கைரேகை, வெயில்ல திரிஞ்சவன் தோல்ல யுவியோட கைரேகை, ரெண்டுமே டிஎன்ஏ எழுத்துலதான் இருக்கு. குரோமாட்டின் மாறுதுன்னா அது பின்விளைவா இருக்கலாமே, காரணம்னு எப்படிச் சொல்றீங்க?

நுண்ணோக்கி:
வேலவன் சார், மியூட்டேஷன் இல்லன்னு நான் எங்கயும் சொல்லல. ஆனா காரணமா பின்விளைவான்னு கேட்டீங்கள்ல, அதுக்கு மனுஷன்லயே பதில் இருக்கு, அதுவும் சின்னக் குழந்தைங்க கிட்ட. ராப்டாய்டு ட்யூமர்னு ஒண்ணு, பெரும்பாலும் 3 வயசுக்குள்ள வரும், கிட்னியில வரும், மூளையில வரும், ரொம்ப மூர்க்கமானது. 1998ல பாரிஸ் க்யூரி இன்ஸ்டிட்யூட் ஆளுங்க அதுக்கு 22வது குரோமோசோம்ல இருக்கிற ஸ்மார்க்பி1 ஜீன் போனதுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன் என்ன பண்ணுது? ஏடிபியைச் செலவழிச்சு நியூக்ளியோசோமைத் தள்ளி நகர்த்தற ஸ்விஸ்னிஃப் கூட்டுல அது ஒரு உறுப்பு. டிஎன்ஏ ரிப்பேர் என்சைம் இல்ல, க்ரோத் ஃபேக்டர் இல்ல. வெறும் குரோமாட்டின் புரோட்டீன்.

2012ல அந்தக் கட்டிங்களோட எக்ஸோமை (புரோட்டீனுக்கான டிஎன்ஏ பகுதிங்களை) சீக்வென்ஸ் பண்ணினப்போ, மனுஷக் கேன்சர்லயே மியூட்டேஷன் ரொம்பக் குறைவா இருக்கிற கூட்டத்துல இது சேர்ந்துச்சு. ஸ்மார்க்பி1 தவிர திரும்பத் திரும்ப வர்ற வேற ஜீன் எதுவும் தேறல. எலில இந்த ஜீனை எடுத்தா பாதி எலிங்களுக்கு 11 வாரத்துக்குள்ளயே கேன்சர், மிச்சத்துக்கும் வந்துடுது. பி53 எடுத்த எலிக்கே சுமார் 20 வாரம் ஆகும், பாத்துக்கோங்க. குரோமாட்டின் பின்விளைவா மட்டும் இருந்தா இது நடக்காது.

லேப்_தங்கம்:
நான் ஹிஸ்டோபேத் லேப்ல டெக்னீஷியன், ரிசர்ச் எல்லாம் தெரியாது, ஆனா நுண்ணோக்கி சார் சொன்ன அந்த ஜீனை நான் கண்ணாலயே பாத்திருக்கேன். ஸ்மார்க்பி1க்கு இன்னொரு பேர் ஐஎன்ஐ1, எங்களுக்கு அது ஐஎன்ஐ1 ஸ்டெயின். குழந்தையோட பயாப்ஸி வந்து, டாக்டருக்கு ராப்டாய்டுன்னு சந்தேகம் வந்தா இதைப் போடச் சொல்லுவாங்க. சாதாரணமா இம்யூனோல (ஆன்டிபாடி வச்சு புரோட்டீனைத் தேடற சோதனை) நாங்க பழுப்பு நிறம் வந்துச்சான்னு தேடுவோம், வந்தா பாசிட்டிவ். இதுல தலைகீழ், வரலன்னாதான் நோய். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்ல வச்சா ட்யூமர் செல் நியூக்ளியஸ் ஒவ்வொண்ணும் வெறும் நீலம், ஹெமடாக்சிலின் நிறம் மட்டும். நடுவுல ஓடற சின்ன ரத்தக் குழாயோட சுவர்ல இருக்கிற செல் மட்டும் பழுப்பா இருக்கும், லிம்போசைட்டும் பழுப்பா இருக்கும். அதெல்லாம் அந்தக் குழந்தையோட நல்ல செல்லுங்க. அது பழுப்பா வந்தாதான் ஸ்டெயின் சரியா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம், அதுவும் நீலமா போச்சுன்னா ஆன்டிபாடியிலயோ பிளாக்லயோ தகராறு, திரும்பப் போடணும். அவசரத்துல இதைப் பாக்காம ரிப்போர்ட் போகக் கூடாதுன்னு புதுசா வர்ற பசங்களுக்கு நான் அடிச்சுச் சொல்லுவேன். ஒரே ஒரு புரோட்டீன் இல்லாததுக்கு ஒரு குழந்தைக்கு இவ்வளவான்னு ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமா இருக்கும்.

கயல்_பயோ:
தங்கம் அக்கா ரொம்ப நன்றி, இந்த உள் கன்ட்ரோல் விஷயத்தை எந்தப் புக்லயும் இப்படிச் சொல்லல. நுண்ணோக்கி அண்ணா, ஹிஸ்டோன்லயே மியூட்டேஷன் வர்ற கேன்சர் இருக்குன்னு மேடம் கிளாஸ்ல ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுல ரெப்ளிகேஷனுக்கு என்ன வேலை?

நுண்ணோக்கி:
அதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம், பிடிச்சதுன்னு சொல்லவும் மனசு வரல, ஏன்னா அந்த நோய் அவ்வளவு கொடுமை. டிஐபிஜின்னு மூளைத் தண்டுல, பான்ஸ்ல வர்ற கட்டி. 5லேருந்து 10 வயசுக் குழந்தைங்க. ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியாத இடம், ரேடியேஷன் குடுத்தாலும் பாதிக் குழந்தைங்க ஒரு வருஷத்தைத் தாண்டறதில்ல. 2012ல மான்ட்ரியல் மெக்கில் குழுவும் அமெரிக்கால செயின்ட் ஜூட் குழுவும் தனித்தனியா ஒரே விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க: ஹெச்3 ஹிஸ்டோனோட 27வது லைசின் மெத்தியோனினா மாறியிருக்கு. கே27எம். டிஐபிஜில கிட்டத்தட்ட 80 சதவீதத்துல இது இருக்கு.

இப்ப யோசிங்க. மனுஷனுக்கு ஹெச்3 ஜீன் ஒண்ணு ரெண்டு இல்ல, பத்துக்கு மேல. அதுல ஒரே ஒரு ஜீனோட ஒரே ஒரு காப்பி மட்டும் மாறியிருக்கு. செல்லுல இருக்கிற மொத்த ஹெச்3ல இந்த மாறினது 3லேருந்து 18 சதவீதம்தான்னு 2013ல அளந்திருக்காங்க. மிச்சமெல்லாம் நல்ல ஹெச்3. ஆனாலும் ஜீனோம் முழுக்க அந்த மூணு மெத்தில் குறி சரிஞ்சு போகுது. ஏன்னா மாறின ஹிஸ்டோன் பிஆர்சி2வைத் தடுத்துடுது, குறி பரவ வேண்டிய இடத்துல பரவாம நின்னுடுது.

ரெப்ளிகேஷன் வர்றது இங்கதான். மேல சொன்னேன்ல, ஒவ்வொரு எஸ் ஃபேஸ்லயும் பழைய ஹிஸ்டோன் பாதிப் பாதியா பிரியுதுன்னு. அப்ப குறியும் பாதியாகுது. சாதாரண செல்லுல பிஆர்சி2 திரும்ப எழுதி நிரப்பிடும், அதுவும் உடனே இல்ல, இந்தக் குறி திரும்ப முழுசா நிரம்ப ஒரு செல் சுழற்சிக்கு மேலயே ஆகுது. எழுதற கை கட்டிக் கிடந்தா? குழம்புல உப்பு போடாம தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டே போற மாதிரி, ஒவ்வொரு பிரிவுலயும் நீர்த்துப் போகும். அழிக்கற என்சைமே வேண்டாம், ரெப்ளிகேஷனே அழிச்சுடும். வேகமா பிரியற செல் வேகமா மறக்கும். குழந்தையோட வளர்ற மூளையில பிரியற செல்லுங்க நிறைய, அதனாலயும் இது அங்க பிடிச்சுக்குதோன்னு எனக்குத் தோணும், இது என் எண்ணம் மட்டும்.

இதே கணக்குதான் மருந்துலயும். டாசெமெடோஸ்டாட்னு ஈஇஸட்ஹெச்2வைத் தடுக்கிற மாத்திரை. 2020 ஜனவரில எபிதெலியாய்டு சார்கோமாவுக்கு அமெரிக்க எஃப்டிஏ ஒப்புதல் குடுத்துச்சு, அதுலயும் ஸ்மார்க்பி1 போயிருக்கும், ஸ்விஸ்னிஃப் இல்லாத செல்லுல பாலிகோம்ப் கை ஓங்கி நிக்குது, அதைக் குறைக்கறதுதான் ஐடியா. லேப்ல இந்த மாதிரி மருந்தைப் போட்டா அன்னிக்கே ஒண்ணும் தெரியாது, செல் பிரியப் பிரிய நாள் கணக்குல குறி குறையும்.

வேலவன்77:
கே27எம் விஷயம் ஒத்துக்கறேன், அது பலமான உதாரணம். ஆனா பாருங்க, ஸ்மார்க்பி1 போனதும் மியூட்டேஷன், கே27எம்மும் மியூட்டேஷன். ஆரம்பம் எழுத்துலதான் இருக்கு. மியூட்டேஷனே இல்லாமன்னு தலைப்பு போட்டதுக்கு இது ரெண்டும் பதில் ஆகாது, அதுக்கு அந்த ஈ பேப்பர் மட்டும்தான் இருக்கு.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் மியூட்டேஷன் டேட்டா பாக்கற ஆளு, அதனால உங்க பக்கத்துக்கு ஒரு பாயிண்ட் நானே தரேன். மியூட்டேஷன் ஜீனோம்ல சமமா விழறதில்ல. 2012ல பார்சிலோனால பென் லேனர் லேப் காட்டினாங்க, ஹெச்3யோட 9வது லைசின்ல மூணு மெத்தில் இருக்கிற, இறுகிப் போன குரோமாட்டின் எங்க இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் போதும், பத்து லட்சம் பேஸ் அளவுல மியூட்டேஷன் அடர்த்தி ஏறி இறங்கறதுல 40 சதவீதத்துக்கு மேல விளக்கிடலாம்னு. அந்த இறுகின பகுதிங்கதான் எஸ் ஃபேஸ்ல கடைசியா காப்பி ஆகுது, அங்கதான் மியூட்டேஷன் ஜாஸ்தி. 2015ல அதே லேப் அடுத்த படியும் போனாங்க: காப்பி ஆகும்போது வர்ற எழுத்துத் தப்பைத் திருத்தற மிஸ்மேட்ச் ரிப்பேர் கெட்டுப்போன கட்டிங்கள்ல இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் காணாமப் போகுது. அப்ப கடைசியா காப்பி ஆகற இடத்துல தப்பு அதிகமா நடக்குதுங்கறதை விட, நடந்த தப்பை அங்க சரியா திருத்தலங்கறதுதான் விஷயம்.

நுண்ணோக்கி:
வேலவன் சார், இதை நீங்க சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம். இதோட ஒண்ணு சேர்த்துக்கலாம். ரிப்பேர் ஏன் சில இடத்துல நல்லா நடக்குதுன்னா, அந்த ரிப்பேர் கூட்டுல இருக்கிற எம்எஸ்ஹெச்6 ஒரு ஹிஸ்டோன் குறியைப் பிடிச்சுக்கிட்டு காத்திருக்கு, ஹெச்3யோட 36வது லைசின்ல மூணு மெத்தில். அந்தக் குறியைப் போடறது செட்டி2. கிட்னியில வர்ற க்ளியர் செல் கேன்சர்ல அடிக்கடி கெட்டுப்போற ஜீன்கள்ல செட்டி2வும் ஒண்ணு. அதாவது மியூட்டேஷன் எங்க தங்கும், எங்க திருத்தப்படும்ங்கறதையே குரோமாட்டின் தீர்மானிக்குது.

எங்க ஆரம்பிக்கணும்ங்கறதும் அப்படியே. ஈஸ்ட் மாதிரி மனுஷன்ல ரெப்ளிகேஷன் ஆரம்பிக்க ஒரு நிலையான எழுத்து வரிசை கிடையாது. ரெப்ளிகேஷன் ஆரம்பிக்கிற இடத்தைப் பிடிக்கிற ஓஆர்சி1 புரோட்டீன் ஹெச்4ல 20வது லைசின்ல ரெண்டு மெத்தில் இருக்கிற நியூக்ளியோசோமைப் பிடிக்குதுன்னு 2012ல வந்துச்சு. அந்தப் பிடி கெட்டா வர்றது கேன்சர் இல்ல, மையர் கோர்லின் சிண்ட்ரோம்னு வளர்ச்சி குறையற நோய். இது அப்புறம் தனியா பேச வேண்டிய கதை.

மருதம்:
நான் இந்தப் படிப்பு படிச்சவ இல்ல, தங்கச்சி ஒருத்தி அனுப்பினதால இதைப் படிக்கிறேன். எங்க அக்காவுக்கு மார்புல கேன்சர், கீமோ போய்க்கிட்டிருக்கு. வாட்சாப்ல ஒரு வீடியோ வந்துச்சு, கேன்சர் எபிஜெனெடிக் நோய், ஜீன் மாதிரி நிரந்தரம் இல்ல, மஞ்சளும் சில கீரையும் சாப்பிட்டா திரும்ப சரியாயிடும், கீமோ தேவையில்லன்னு. நீங்களும் மியூட்டேஷன் இல்லாம வரும், குறி மாறும்னு பேசறீங்க. அக்கா அந்த வீடியோவைப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறாங்க. என்ன சொல்றது?

நுண்ணோக்கி:
அம்மா, அக்காவைக் கண்டிப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க, அடுத்த டோஸ் தள்ளிப் போகக் கூடாது. அந்த வீடியோ சொல்றது பொய். குறி மாற்றக் கூடியதுங்கறது உண்மை, ஆனா அதை மாத்தறதுக்கு நிஜமா இருக்கிற மருந்தெல்லாம் வீரியமான மருந்து. அசாசிடிடின் 2004லயே எலும்பு மஜ்ஜை நோய் ஒண்ணுக்கு வந்துச்சு, வோரினோஸ்டாட் 2006ல ஒரு வகைத் தோல் லிம்போமாவுக்கு வந்துச்சு. ரெண்டையும் டாக்டர் ரத்தப் பரிசோதனை பாத்துப் பாத்துதான் குடுப்பாங்க. நான் மேல சொன்ன டாசெமெடோஸ்டாட்ல கூட, மருந்தால வேற கேன்சர் வரலாம்னு எச்சரிக்கை இருக்கு, அதோட சோதனையில கட்டி கணிசமா சுருங்கினது 62 பேர்ல 15 சதவீதம் பேருக்குத்தான். குரோமாட்டினைக் குறிவச்சு மருந்து தயாரிக்கறதே இவ்வளவு கஷ்டமா இருக்கு, சாப்பாட்டுல இது நடக்காது. சமையல்ல மஞ்சளும் கீரையும் இருக்கட்டும். மாத்திரை மாதிரி மஞ்சள் சத்து, மூலிகைப் பொடின்னு எதாவது எடுக்கறாங்கன்னா அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க, கீமோவோட சேர்ந்தா சிலது சிக்கல் பண்ணும்.

லேப்_தங்கம்:
அம்மா, முடிஞ்சா அந்த டாக்டர்கிட்டயே அந்த வீடியோவைக் காட்டி அக்கா முன்னாடி பேச வைங்க. நாம சொன்னா கேக்க மாட்டாங்க, டாக்டர் பொறுமையா பத்து நிமிஷம் பேசினா கேப்பாங்க, இங்க நிறைய பேர் அப்படித் திரும்ப வந்திருக்காங்க.

மருதம்:
சரிங்க, நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன். ரொம்ப நன்றி.

கயல்_பயோ:
மருதம் அக்கா, அக்காவுக்கு சரியாகணும்னு வேண்டிக்கிறேன். போயிட்டு வந்து சொல்லுங்க.

அண்ணா, கடைசியா ஒண்ணு. வேலவன் சார் சொன்ன மாதிரி என் தலைப்புக்கு மிச்சம் இருக்கிறது ஈ பேப்பர்தான். பாலிகோம்ப் திரும்ப வந்துடுச்சுன்னா அது திரும்பக் குறி போட்டு ஜீனை அடக்கியிருக்கணுமே? ஏன் அடக்கல? இதை யாராவது கேட்டா நான் மாட்டிக்குவேன்.

நுண்ணோக்கி:
கண்டிப்பா கேப்பாங்க, அதனால அந்த ஃபிகரை நல்லா பாத்துட்டுப் போங்க. பாலிகோம்ப் திரும்பினதும் நிறைய ஜீன் மறுபடி அடங்கிடுது. ஒரு சின்னக் கூட்டம் மட்டும் அடங்க மாட்டேங்குது. அதுல செல்லை வளரச் சொல்ற ஜேக்-ஸ்டாட் சிக்னல் சம்பந்தப்பட்ட ஜீன்களும், மனுஷன்ல இருக்கிற ஜெப்1 ஜீனுக்கு ஈடான இஸட்எஃப்ஹெச்1ம் இருக்கு. இதுங்களைக் குறைச்சா கட்டியும் குறையுது. அப்ப நான் படிச்ச விதத்துல, இங்க ஞாபகத்தைத் தாங்கறது ஃபோர்க்ல கைமாறற ஹிஸ்டோன் குறி மட்டும் இல்ல. மூடி கொஞ்ச நேரம் திறந்தப்போ ஆன் ஆன சிக்னல் தன்னைத்தானே ஆன்லயே வச்சுக்குது, பாலிகோம்ப் திரும்பி வரும்போது அந்த ஜீன் ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கு. மேல ரைன்பெர்க் லேப் விஷயம் சொன்னேன்ல, ஓடற ஜீன்ல பழைய ஹிஸ்டோன் சிதறிடும்னு, அதோட இதைச் சேர்த்துப் பாருங்க. "ஆஃப்" ஞாபகத்தை ஹிஸ்டோன் சுமக்குது, "ஆன்" ஞாபகத்தை டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் (ஜீனை ஆன் பண்ற புரோட்டீன்) சுமக்குது.

வேலவன்77:
இதை ஒத்துக்கறேன். ஆனா கயல், நீங்க பேசும்போது மனுஷக் கட்டில மியூட்டேஷன் இல்லாம ஆரம்பிச்சதுன்னு இந்த அளவுக்குக் கன்ட்ரோலோட நிரூபிச்ச பேப்பர் இது இல்லன்னு ஒரு வரி சொல்லிடுங்க. இது ஈயோட லார்வா காலத்துத் திசு, வேகமா பிரியற திசு. ஜீனோம் சீக்வென்ஸ்ல எவ்வளவு டெப்த் போட்டாங்க (ஒரே இடத்தை எத்தனை தடவ படிச்சாங்க), கம்மி செல்லுல மட்டும் இருக்கிற மியூட்டேஷனைப் பிடிக்க அது போதுமான்னு மெத்தட்ஸ்ல பாத்துக் குறிச்சு வச்சுக்கோங்க, நான் அங்க உக்காந்திருந்தா முதல் கேள்வி அதுதான் கேப்பேன்.

கயல்_பயோ:
சரி சார், மெத்தட்ஸை இன்னிக்கு ராத்திரி முழுசா படிச்சுடறேன். வியாழக்கிழமை டாக், முடிஞ்சதும் என்னென்ன கேட்டாங்கன்னு இங்கயே போடறேன்.